வெண்கல முழங்கால்

படுத்தாச்சா? காலை உதைக்காத பூவி. அந்த ஃபேனையே பாத்துட்டு இருந்தா தூக்கம் எங்கிருந்து வரும், இந்தப் பக்கம் திரும்பு. அத்தைக்குக் காலைல ஆறு மணிக்கு பஸ்ஸு. ஒரே ஒரு கதைதான். நடுவுல நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் ஒரு தம்பியும் இருந்தாங்க. ஊர் பேரு ட்ராய். கடலுக்கு அந்தாண்ட, ரொம்பத் தூரம். அக்கா பேரு மிர்ட்டோ. சிரிக்காத, அந்த ஊர்ல அப்படித்தான் பேரு வைப்பாங்க. உன் பேரைக் கேட்டா அவங்களும்தான் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. தம்பி பேரு டேமோ. அப்பா அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அக்காதான் ஊட்டி வளர்த்தா. இப்போ அவன் தாடி வச்ச தடியன், இருந்தாலும் அக்காவுக்குத் தம்பிதானே? அவனை விட்டா அவளுக்கு வேற யாரும் கிடையாது.

அந்த ஊரைச் சுத்தி அப்போ பெரிய சண்டை நடந்துட்டு இருந்துச்சு. எதுக்குன்னு கேக்கறியா? கிரேக்கத்துல ஒரு ராஜா. அவன் பொண்டாட்டி, ட்ராய் ஊர் இளவரசனோட கப்பல் ஏறிக் கிளம்பி வந்துட்டா. அவ்வளவுதான். அதுக்காக அந்த ராஜா ஆயிரம் கப்பல்ல ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து கடற்கரை முழுக்கக் கூடாரம் போட்டுட்டான். ஒரு வீட்டுச் சண்டை, ஆனா யாரு வீட்டுல அடுப்பு எரியல? எல்லார் வீட்டுலயும்! வருஷக்கணக்கா மதிலுக்கு உள்ள ஒரு கூட்டம், வெளிய ஒரு கூட்டம். வெளிய இருக்கறவன் எல்லாம் மகா வீரனாம், சூரனாம். இத்தனை வருஷமா ஒரு சுவரை உடைக்கத் தெரியல, அதுக்கு மீசை வேற.

ம் சொல்லு.

அப்புறம் என்னாச்சு, டேமோ ஒரு ஆடு வளர்த்தான். அது ஒரு நாள் மதில்ல இருந்த ஓட்டை வழியா வெளிய ஓடிடுச்சு. "ஐயோ என் ஆடு"ன்னு இவனும் அதே ஓட்டைல தலையை விட்டு, உடம்பை விட்டு, வெளிய போனான். ஆடு என்ன பண்ணுச்சு தெரியுமா? புல்லு மேஞ்சுட்டுச் சமத்தா திரும்பி வந்துடுச்சு. இவன் மாட்டிக்கிட்டான்.

அவனைப் பிடிச்சவன் பேரு மெகாரோஸ். கிரேக்கப் படையிலயே பெரிய ஆளு. நம்ம பரணையைத் தலையால முட்டுவான், அவ்வளவு உயரம். அவன் பிடிச்ச ஆளுங்களை எல்லாம் கப்பல்ல ஏத்தி, எங்கயோ ஒரு தீவுல அடிமையா வித்துட்டு வரச் சொல்லுவான். ஒரு தடவை போனவங்க திரும்பி வந்ததே இல்ல. அந்தக் கப்பல் மறுநாள் சூரியன் இறங்குற நேரம் கிளம்புதுன்னு மிர்ட்டோவுக்குச் சேதி வந்துச்சு.

அப்போ மிர்ட்டோ அழுதாளா? அழுதா. அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு, "சரி, அவன் முழங்காலைப் பிடிச்சுட வேண்டியதுதான்"னு எழுந்தா.

ஏன் முழங்கால்னு கேக்கறியா? அதான் கதை, கேளு. நம்ம ஊர்ல பெரியவங்க கால்ல விழுவோம்ல? அங்க முழங்காலைக் கட்டிக்குவாங்க. ரெண்டு கையாலயும் ஒருத்தரோட வெறும் முழங்காலைப் பிடிச்சு எதையாவது கேட்டா, அவங்க இல்லைன்னு சொல்லவே கூடாது. எதிரியா இருந்தாலும் கூடாது. கேட்டதைச் செஞ்சு முடிக்கற வரைக்கும் "அப்போ எனக்கு நீ என்ன தருவே"ன்னு பேரமும் பேசக் கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் இதே வழக்கம்தான். மேல இடி இடிக்கிற சாமி ஒருத்தர் இருக்காரு, அவருக்கு இதுல ரொம்பக் கண்டிப்பு. இல்லைன்னு சொன்னவன் தலையில டமார்!

— அப்போ டேமோ ஏன் பிடிக்கல?

பிடிச்சான்டி. பிடிச்சதும் டங்குனு சத்தம் கேட்டுச்சு.

ஏன்னா அந்த மெகாரோஸ் இருக்கானே, முதல்ல ரொம்ப இளகின மனசுக்காரன். யாரு முழங்காலைப் பிடிச்சாலும் சரி சரின்னுடுவான். ஒருத்தன் வந்து குதிரை கேட்டான், கொடுத்தான். ஒருத்தன் கூடாரம் கேட்டான், கொடுத்துட்டு ஒரு மாசம் மழையில படுத்தான். இன்னொருத்தன், "என் மாமியார் வர்றாங்க, அவங்க போற வரைக்கும் நீ என் வீட்டுல இரு"ன்னு கேட்டான். அதுக்கும் போனான், பாவம். அப்புறம் ஒரு நாள், "போதும்டா சாமி"ன்னு கொல்லன்கிட்டப் போய், கணுக்கால்ல இருந்து தொடை வரைக்கும் வெண்கலத்துல கவசம் அடிச்சு மாட்டிக்கிட்டான். தோல் வாரு போட்டு இறுக்கிக் கட்டிட்டான். அன்னிலேர்ந்து கழட்டினதே இல்ல. தூங்கறப்போவும் கவசம், குளிக்கறப்போவும் கவசம். அதைப் போட்டா முழங்காலை மடக்க முடியாது. மரக்கால் பொம்மை மாதிரிதான் நடப்பான். டணக், டணக், டணக். உக்காந்தா ரெண்டு காலும் நேரா நீட்டிக்கிட்டு நிக்கும்.

— கொசு கடிச்சா?

கொசு கடிச்சா சொறிய முடியாது. நல்லா வேணும்.

மறுநாள் சண்டைக்கு லீவு. செத்துப்போனவங்களைத் தகனம் பண்ணறதுக்கு ரெண்டு பக்கமும் பேசி விட்ட லீவு. அதனால ஊர்ப் பொம்பளைங்க கூடாரப் பக்கம் போய் வரலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. மிர்ட்டோ ஒரு கூடை நிறைய அத்திப்பழம் எடுத்துக்கிட்டு, காலையிலயே நேரா மெகாரோஸ் கூடாரத்துக்குப் போனா.

அவன் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பழத்தைப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் பல்லு.

"பழம் எப்படி?"ன்னு கேட்டான்.

"தேன். ஒண்ணு தின்னு பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே, கை தவறுன மாதிரி கூடையைச் சாச்சா. பழமெல்லாம் குடுகுடுகுடுன்னு அவன் கால்கிட்ட உருண்டுச்சு. அவ குனிஞ்சா, பொறுக்குற மாதிரி பொறுக்கி, டபக்குனு முழங்காலைக் கட்டிப் பிடிச்சுட்டா.

டங்!

"அது வெண்கலம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ பிடிச்சதே சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்"னு அவன் சிரிச்சான்.

அப்போ அவ நேராவே சொன்னா. "என் தம்பி உங்க கப்பல்ல இருக்கான். டேமோன்னு பேரு. அவனை விட்டுடுங்க."

அவன் சிரிப்பு போயிடுச்சு. "உன் தம்பியை விட்டா, நாளைக்கு இன்னொருத்தனோட அக்கா வருவா, அதுக்கு மறுநாள் ஒருத்தனோட அம்மா வருவா. நான் என்ன பண்ணட்டும்? வெறும் முழங்காலைப் பிடிச்சுக் கேளு, தரேன். இல்லைன்னா எனக்குக் கட்டாயம் கிடையாது"ன்னுட்டான். அவன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு வச்சுக்கோயேன். எனக்கென்னவோ பிடிக்கல.

ம்?

அப்புறம் மத்தியானம் ஆச்சு. வெயில் மண்டையைப் பொளக்குது. அந்த ஊர் வீரன்களுக்கு ஒரு பழக்கம், உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய் தேச்சு ஊற வச்சுத்தான் குளிப்பாங்க. எண்ணெய் தேய்க்கணும்னா கவசத்தைக் கழட்டித்தானே ஆகணும்? மிர்ட்டோ ஒரு கிண்ணம் எண்ணெயோட மறுபடி போய் நின்னா.

"நீ விட மாட்டே போலிருக்கே! சரி, தேச்சு விடு. ஆனா தலைக்கு மட்டும். காலு பக்கம் கை வரக் கூடாது"ன்னான்.

இவ உச்சந்தலையில எண்ணெயை வச்சு, தப் தப்னு தட்டி, சொரக் சொரக்னு தேச்சா. தம்பி தலையில தேச்சுத் தேச்சுப் பழகுன கை. மெகாரோஸுக்குக் கண்ணு சொக்கிடுச்சு. அப்படியே சாஞ்சான். கொர்ர்ர்... கொர்ர்ர்... நீ வேணாம், நீ இன்னும் தூங்காத.

மிர்ட்டோ மெதுவா, பூனை மாதிரி, கால் பக்கம் போனா. முதல் வாரைத் தொட்டா. அவிழ்த்தா. ரெண்டாவது வாரைத் தொட்டா. அவிழ்த்தா. மூணாவது வாரைத் தொட்டா...

கிணிங்!

அந்தப் படுபாவி வாருல ஆட்டு மணியைக் கட்டி வச்சிருக்கான்! "யாருடா அது"ன்னு துள்ளி எழுந்தான். இவளைப் பாத்தான். தலையைத் தடவிப் பாத்தான், எண்ணெய் வழவழன்னு இருந்துச்சு. கோவப்படவும் முடியல அவனுக்கு. இவ்வளவு சுகமா அவன் தூங்கியே வருஷக்கணக்காச்சு.

"வீட்டுக்குப் போம்மா. சாயங்காலம் கப்பல் போயிடும். அதுக்கப்புறம் நீயும் மறந்துடுவே"ன்னான்.

மறந்துடுவாளாம்! வளர்த்தவ மறப்பாளா? எனக்கு ஆத்திர ஆத்திரமா வருது. அவ எழுந்து வெளிய வந்துட்டா. கூடையைக்கூட எடுத்துக்கத் தோணல. கூடாரத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு ஆறு. அந்த ஆத்தங்கரையில போய்ப் பாறை மேல உக்காந்து, கடலையே பாத்துட்டு இருந்தா. அங்கிருந்து பாத்தா கப்பல் தெரியும்.

பூவி? தூங்கிட்டியா?

— ம்ஹூம். அப்புறம்?

அப்புறம், சூரியன் சாயற நேரம். மலைப் பக்கம் மழை போல, ஆத்துல தண்ணி ஏறுது. முதல்ல சலசலசலன்னு இருந்துச்சு, அப்புறம் குபுகுபுகுபுன்னு வந்துச்சு. அப்போ எதிர்க்கரையில ஒரு சத்தம். டணக், டணக், டணக்.

யாரு? அவனேதான். கையில இவளோட கூடை. மனசு கேக்காம, அவ விட்டுட்டுப் போன கூடையையாவது கொடுத்துட்டு வருவோம்னு தனியா கிளம்பி வந்திருக்கான். தம்பியை வச்சுக்கிட்டுக் கூடையைத் திருப்பித் தர்றானாம், நியாயஸ்தன்!

ஆத்துல கால் வச்சான். ஒரு பாறை, ரெண்டு பாறை. மூணாவது பாறை பாசி பிடிச்ச பாறை. சர்ர்ருக்... தொபுக்கடீர்! மல்லாக்க விழுந்தான். விழுந்தவன் எழுந்திரிக்கணும்ல? முழங்கால் மடங்கினாத்தானே எழுந்திரிக்க முடியும்? புரட்டிப் போட்ட ஆமை கணக்கா கையைக் கையை ஆட்டறான். அந்த வெண்கலத்துக்குள்ள சேறும் தண்ணியும் புகுந்து கால் இன்னும் கனத்துப் போச்சு. தண்ணி நெஞ்சுக்கு வந்துச்சு. கழுத்துக்கு வந்துச்சு.

"யாராவது வாங்கடா!"ன்னு கத்தினான். யாரு வருவா? அவன் ஆளுங்க எல்லாம் கப்பலைக் கிளப்பப் போயிட்டாங்க. ஆத்தங்கரையில இருந்தது ஒரே ஒருத்திதான்.

அவ ஓடி வந்துட்டா. ஏன் ஓடி வந்தோம்னு அவளுக்கே தெரியாது, கத்தல் கேட்டதும் கால் தானா ஓடிடுச்சு. பக்கத்துல வந்து, யாருன்னு பாத்ததும் அப்படியே நின்னுட்டா. அவனுக்கோ மூக்கு வரைக்கும் தண்ணி. கண்ணு தெரியல. துழாவுறான், துழாவுறான், கையில என்னவோ அகப்பட்டுச்சு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

"காப்பாத்து!"ன்னான்.

எதைப் பிடிச்சிருக்கான் சொல்லு?

— முழங்கால்!

ஆமாண்டி தங்கம். மிர்ட்டோவோட முழங்கால். அவ என்ன வெண்கலமா போட்டிருக்கா? வெறும் முழங்கால். அவனுக்கும் அப்போதான் உறைச்சுது, என்ன பண்ணிட்டோம்னு.

அவ வாயைத் திறந்தா. "என் தம்பியை விடு, அப்புறம் காப்பாத்தறேன்"னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நானா இருந்தா சொல்லியிருப்பேன். ஆனா முழங்காலைப் பிடிச்சவன்கிட்டப் பேரம் பேசக் கூடாதே. அவ வளர்ந்த வீட்டுல அதை யாரும் மீறினதில்ல. "நல்லா வந்து மாட்டிவிட்டே என்னை!"ன்னு அவனைத் திட்டிக்கிட்டே தண்ணியில உக்காந்தா.

இழுத்துப் பாத்தா, அசையல. கவசத்தைக் கழட்டினாத்தான் உண்டு. தோல் வாரு தண்ணியில ஊறி முடிச்சு இறுகிப் போச்சு. விரல் நுழையல. பல்லால கடிச்சா. தலையைத் தண்ணிக்குள்ள விட்டுக் கடிக்கறது, மேல வந்து மூச்சு வாங்கறது, மறுபடி உள்ள போறது. ஒரு கால் முடிஞ்சுது. அப்போ கடல் பக்கம் சங்கு ஊதினாங்க.

பூஊஊஊம்...

கப்பல்ல ஆள் ஏத்தியாச்சுன்னு அர்த்தம். இப்போ ஓடினா கரைக்குப் போய்த் தம்பி மூஞ்சியைக் கடைசியா ஒரு தடவை பாக்கலாம். அவ நிமிர்ந்து பாத்தா. கண்ணுல தண்ணி, ஆத்துத் தண்ணியா கண்ணீரான்னு தெரியல. இவன் பிடி இன்னும் விடல. மறுபடி தலையை உள்ள விட்டு அடுத்த காலைக் கடிச்சா.

பூஊஊஊம்... பூஊஊஊம்...

கப்பல் கிளம்பிடுச்சு.

அதே நேரத்துல கடைசி வாரு படக்குனு அறுந்துச்சு. அந்த வெண்கலம் ரெண்டும் உருண்டு ஆத்தோட போயிடுச்சு. மெகாரோஸ் முழங்காலை மடக்கினான். மடக்குனு ஒரு சத்தம். எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! தவழ்ந்து கரையேறி, அரை ஆத்தைக் கக்கிட்டு, மூச்சு வாங்கினான். திரும்பிப் பாத்தா, மிர்ட்டோ கரையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து, கடலைப் பாத்து விம்மி விம்மி அழறா. கைக்கெட்டுற தூரத்துல வெறும் முழங்கால் ரெண்டு இருக்கு. அவ அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

ம் சொல்லு பூவி.

— ம்.

அவன் பக்கத்துல வந்து மண்டி போட்டான். அவ ரெண்டு கையையும் எடுத்துத் தன் முழங்கால் மேல வச்சான். வெயிலே படாம அது உரிச்ச வெங்காயம் மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு.

"கேளு"ன்னான்.

"என்னத்தைக் கேக்க? கப்பல்தான் போயிடுச்சே."

"போனது என் பாடு. நீ கேளு."

"என் தம்பி வேணும்"னா.

அவ்வளவுதான். எழுந்தான் பாரு, திபுதிபுதிபுதிபுன்னு ஒரே ஓட்டம்! காலு மடங்குது, மணல் பறக்குது. கரையில இருந்தவங்களுக்கு இவன் யாருன்னே தெரியல, டணக் சத்தம் இல்லையே. "ஓஓஓஓய்! நிறுத்துடா!"ன்னு ஒரு கத்து கத்தினான், பாறையில இருந்த கடல் காக்காய் எல்லாம் பறந்துடுச்சு. கடல்ல இறங்கி நெஞ்சளவு தண்ணியில போய், கப்பல் பின்னாடி தொங்கின வடத்தை எட்டிப் பிடிச்சான். ஏலேலோ ஐலசா! ஏலேலோ ஐலசா! அத்தனை பெரிய கப்பலைத் தரதரன்னு கரைக்கே இழுத்துட்டு வந்துட்டான்.

கப்பல்காரன் மேல இருந்து எட்டிப் பாத்து, "உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? காத்து இப்பதான் நல்லா அடிக்குது!"ன்னு கத்தினான்.

"முழங்காலைப் பிடிச்சுட்டாடா."

"ஐயையோ, அப்படியா! யாரு வேணுமாம்?"

டேமோவை இறக்கி விட்டாங்க. மிர்ட்டோ ஓடி வந்தா. தம்பியைக் கட்டிப் பிடிப்பான்னு நினைக்கறே? முதல்ல முதுகுல பளார்னு ஒண்ணு வச்சா. "ஆடு பின்னாடி போவியா? போவியா?" அப்புறம்தான் கட்டிக்கிட்டு அழுதா.

அந்த டேமோ என்ன பண்ணான் தெரியுமா? அக்கா தோள் மேல தலையை வச்சுக்கிட்டு, கப்பலைத் திரும்பிப் பாத்தான். உள்ள இன்னும் எத்தனையோ பேரு, அவன்கூட ஒரே கயித்துல கட்டிக் கிடந்தவங்க, கம்பி இடுக்குல கண்ணை வச்சுப் பாத்துட்டு இருந்தாங்க. அக்கா கையை மெதுவா எடுத்து விட்டான். மெகாரோஸ்கிட்ட நடந்து போனான். தொப்புனு உக்காந்து, ரெண்டு கையாலயும் அவன் வெறும் முழங்காலைக் கட்டிப் பிடிச்சான்.

"அவங்களையும் விடுங்க"ன்னான்.

மெகாரோஸ் வானத்தைப் பாத்தான். "இதுக்குத்தான்டா நான் கவசம் போட்டிருந்தேன்!"னு ஓன்னு கத்தினான். கப்பல்காரன் அதுக்குள்ள கதவைத் திறந்துட்டான், அவனுக்கு இடிச் சாமின்னா அவ்வளவு பயம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா எல்லாரும் இறங்கி, ஆத்தைத் தாண்டி, அவங்கவங்க வீட்டுக்கு ஓடிட்டாங்க. கடைசியா மிர்ட்டோவும் டேமோவும் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போனாங்க.

சண்டை நின்னுச்சான்னு கேக்காத. அதெல்லாம் நிக்கல. பெரிய ஆளுங்க சண்டை அவ்வளவு சீக்கிரம் நிக்காது. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த ஊர்ல எத்தனையோ வீட்டுல சாப்பாட்டுத் தட்டு ஒண்ணு கூடுதலா வச்சாங்க.

வெறும் கப்பலைப் பாத்துட்டு அந்தக் கப்பல்காரன் மெகாரோஸ்கிட்ட வந்து, "ஐயா, உங்க கவசம் எங்க?"ன்னு கேட்டான்.

"ஆத்துல போச்சு."

"கொல்லன்கிட்டச் சொல்லி உடனே புதுசு அடிச்சுப் போட்டுக்கங்க. இல்லைன்னா நாளைக்கு ஊரே வந்து உங்க முழங்காலைப் பிடிச்சுக் கேக்கும்."

மெகாரோஸ் மணல்ல உக்காந்தான். சம்மணம் போட்டு, முழங்காலை நல்லா மடக்கி, ஜம்முனு உக்காந்தான்.

"கேக்கட்டும். நானும் கேட்டேன்ல"ன்னான்.

பூவி? ஏய்... ம் சொல்லலையே. சரி சரி. கதை கரையேறிடுச்சு, கண்ணும் மூடிடுச்சு. தூங்கு தங்கம்.